6 நிமிஷப் படமும் 19 கோடி ஓவியமும்!

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டை விட்டு வெளியே வந்தா, திரும்பின பக்கமெல்லாம் 'ஒரிஜினல் பால்கோவா' போர்டுதான். 2019-ல புவிசார் குறியீடே வாங்கியாச்சு! பக்கத்து ராஜபாளையத்துல நாய்க்குட்டி விலை கேட்டுப் பாருங்க... அப்பன் யாரு, ஆத்தா யாருன்னு வம்சக் கதையைச் சொல்லிட்டுத்தான் ரேட்டுக்கே வருவாங்க.

ஓவியச் சந்தையும் இப்படித்தான் பாஸ். ஒரிஜினலா? யார் கையிலேர்ந்து யார் கைக்கு வந்துச்சு? இந்த ஜாதகம் சுத்தமா இருந்தா விலை எகிறும்.

சினிமாவுக்கு இந்தக் கணக்கு செட்டாகாது. நூறு பிரின்ட் போட்டா நூறும் ஒண்ணுதான். மசாலா படம்னா டிக்கெட் காசு இருக்கு. கதை, ஹீரோ எதுவுமே இல்லாம கோடும் புள்ளியும் மட்டும் நகர்ற பரிசோதனைப் படத்துக்கு யாரு டிக்கெட் எடுப்பா?

பம்பாய் ஓவியர் அக்பர் பதம்ஸீ அதைத்தான் எடுத்தார். 1969-ல கிடைச்ச நேரு ஃபெல்லோஷிப் பணத்துல 'விஷன் எக்ஸ்சேஞ்ச் ஒர்க்‌ஷாப்'னு ஒண்ணு ஆரம்பிச்சு, ஓவியர்களையும் கேமராக்காரங்களையும் ஒரே இடத்துல சேர்த்தார். அங்கே அவர் எடுத்த படங்கள்ல ஒண்ணு, 'ஈவன்ட்ஸ் இன் எ க்ளவுட் சேம்பர்'. பிசிக்ஸ் பார்ட்டிகளுக்குத் தெரியும்... க்ளவுட் சேம்பர்ல துகள் கண்ணுக்குத் தெரியாது, ஆவியில அது விட்டுட்டுப் போற கோடுதான் தெரியும். பேர் வெச்ச ராசியோ என்னவோ, 6 நிமிஷப் படத்தோட பிரின்ட் தொலைஞ்சே போச்சு. வேற காப்பியும் கிடையாது!

அதே மனுஷன் 1960-ல வரைஞ்ச 'க்ரீக் லேண்ட்ஸ்கேப்' ஓவியத்தை, சக ஓவியர் கிருஷன் கன்னா அப்போ 1,000 ரூபாய்க்கு வாங்கினார். 2016 ஏலத்துல அது போன விலை 19 கோடிக்கும் மேல! அதே 2016-லதான் இயக்குநர் ஆஷிம் அலுவாலியா, தொலைஞ்ச படத்தை பதம்ஸீயோட ஞாபகத்துலேர்ந்து தோண்டியெடுத்துத் திரும்ப உருவாக்கிப் பார்த்தார். பதம்ஸீ 2020-ல காலமானார்.

விலை இருக்கிற பொருளுக்குத்தான் இன்ஷூரன்ஸ், ஏ.சி. ரூம், காவல் எல்லாம். சந்தை காசு மட்டும் தர்றதில்லை, பத்திரமாவும் வெச்சுக்குது. உங்க ஹாஸ்டல் லேப்டாப்ல தூங்குற குறும்படத்துக்கு எத்தனை காப்பி இருக்கு?

சந்தைக்காரங்களும் லேசுப்பட்டவங்க இல்லை. பின்னாடி வீடியோ கலைக்கு ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. மூணோ அஞ்சோ காப்பிதான்னு கணக்கு வெச்சு, கையெழுத்துப் போட்ட சர்டிஃபிகேட்டோட விக்கிறது. ஆயிரம் காப்பி எடுக்க முடியிற பொருளுக்குச் செயற்கையா ஒரு பஞ்சம்! பதம்ஸீயோட ஒர்க்‌ஷாப்ல சின்னப் பொண்ணா படமெடுத்த நளினி மலானியோட படைப்புகள், இப்போ உலக மியூசியங்கள்ல இருக்கு.

எனக்கென்னவோ, அதைவிட ஜான் ஆபிரகாம் ரூட்டுதான் பிடிச்சிருக்கு. (இந்தி நடிகர் இல்லீங்க... 1977-ல தமிழ்ல 'அக்ரஹாரத்தில் கழுதை' எடுத்தவர்!) கேரளாவுல 'ஒடேஸா'ன்னு நண்பர்கள் கூட்டம். ஊர் ஊரா சாப்ளின் படம் போட்டுக் காட்டி, ஜனங்ககிட்ட சில்லறையும் நோட்டுமா வசூல் பண்ணி, 1986-ல 'அம்ம அறியான்' எடுத்தாங்க. முடிச்சதும் ஏலமும் இல்லை, தியேட்டர் பேரமும் இல்லை. பிரின்ட்டைத் தூக்கிக்கிட்டு மறுபடியும் ஊர் ஊராப் போய் ஜனங்களுக்கே போட்டுக் காட்டினாங்க.