சங்கத்தின் பக்கத்தைச் சங்கமே எழுதலாம்

பிறர் கையை எதிர்பார்த்து நிற்காமல், தம் காரியத்தைத் தாமே கூடி நடத்திக்கொள்வதுதான் கூட்டுறவின் உயிர்நிலை. 1904-ஆம் ஆண்டில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் நம் நாட்டில் பிறந்த நாள் தொட்டு, வட்டிக்கடைக்காரரிடமிருந்து விவசாயியையும், நூல் வியாபாரியிடமிருந்து நெசவாளியையும் மீட்பதே இவ்வியக்கத்தின் பணியாக இருந்து வந்திருக்கிறது. அதற்காகக் கணக்கெழுதக் கற்றோம். எடை போடக் கற்றோம். தரம் பிரிக்கக் கற்றோம். இப்பொழுது அவற்றோடு சேர்த்துக் கற்க வேண்டிய மற்றோர் எழுத்து வேலை வந்திருக்கிறது. இணையப் பக்கம் எழுதுவதே அது.

“பட்டணத்துப் பிள்ளைகள் பார்க்கும் வேலை அல்லவா இது? நமக்கு எதற்கு?” என்று அங்கத்தினர் சிலர் கேட்கக்கூடும். அதற்கு விடை காண, ஏற்காட்டை அடுத்த மஞ்சக்குட்டைப் பகுதியை எடுத்துக்கொள்வோம். சேர்வராயன் மலைக்குக் காப்பிப் பயிர் வந்தது 1820-களில், காக்பர்ன் என்பவர் சேலம் கலெக்டராக இருந்த காலத்தில். நெடுங்காலம் வரை, விளைந்த காப்பியைக் காப்பி போர்டு பெற்றுப் பொதுவில் சேர்த்து ஏலம் விட்டு வந்தது. 1990-களில் அந்த ஏற்பாடு படிப்படியாக நீங்கியது. 1996-க்குப் பின் தன் காப்பிக்கு வாங்குபவரைத் தேடுவது விவசாயியின் பொறுப்பாயிற்று. பெரிய தோட்டத்துக்காரருக்கு ஆள் உண்டு, விளம்பரம் உண்டு. இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் வைத்திருப்பவருக்கு வாசலுக்கு வரும் வியாபாரியே சந்தை. சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கும் ஒருவர் சேர்வராயன் மலைக் காப்பியையும் மிளகையும் பற்றி அறிய விரும்பி இணையத்தில் தேடினால், விளைவித்தவரின் சொந்தச் சொல் அவர் கண்ணில் படுவது அரிது.

மலையடிவாரத்து நெசவாளியின் நிலையும் இதுவே. விசைத்தறித் துணியைக் கைத்தறி என்று சொல்லி விற்பவர் வாய் திறந்து பேசும்போது, உண்மையாகவே கையால் நெய்தவர் பேசாதிருக்கிறார்.

இடைத்தரகர் இங்கும் உண்டு

சில சங்கங்கள் இதை உணர்ந்து, பணம் கொடுத்துப் பக்கம் செய்துகொண்டன. ஆனால் நாம் பார்வையிடச் சென்ற சங்கமொன்றில் கண்டது வருத்தத்தைத் தந்தது. பக்கத்தைச் செய்து கொடுத்தவர், இணையத்தில் அதன் பெயரைத் தம் பெயரிலேயே பதிந்துகொண்டிருந்தார். கடவுச்சொல்லும் அவரிடமே இருந்தது. ஒரு துண்டின் விலையைத் திருத்தவும் தனிக் கூலி கேட்டார். பின்னர் அவர் வேறு தொழிலுக்குப் போய்விட, ஆண்டுக் கட்டணம் கட்டுவாரின்றிப் பக்கம் மறைந்துபோயிற்று. சங்கத்தில் மிஞ்சியது வவுச்சர் மட்டுமே. நூலுக்கும் கடனுக்கும் இருந்த இடைத்தரகர், இங்கே எழுத்துக்கும் வந்து சேர்ந்தார்.

இதற்கு மாற்று, சங்கத்து அங்கத்தினர் இருவர் மூவரேனும் பக்கம் எழுதும் முறையைத் தாமே கற்றுக்கொள்வதாகும். அது அவ்வளவு கடினமானதன்று.

எச்.டி.எம்.எல். என்பது யாது?

1989-ஆம் ஆண்டில், ஜெனீவா நகரை அடுத்த ‘செர்ன்’ என்னும் அணு ஆராய்ச்சி நிலையத்தில் பணிபுரிந்த டிம் பெர்னர்ஸ்-லீ என்ற ஆங்கிலேய விஞ்ஞானி, பல கணினிகளில் சிதறிக் கிடந்த குறிப்புகளை ஒன்றோடொன்று இணைத்துப் படிக்க ஒரு திட்டம் வகுத்தார். அத்திட்டத்துக்காக அவர் அமைத்த எழுத்து முறையே எச்.டி.எம்.எல். எனப்படுவது. 1991-இல் அவர் வெளியிட்ட முதற் பட்டியலில் இருந்த குறிச்சொற்கள் 18 மட்டுமே. 1993-ஆம் ஆண்டு ஏப்ரல் 30-ஆம் நாள், அந்நிலையம் இந்த இணைய நுட்பத்தை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று உலகுக்கு விட்டுக்கொடுத்தது. ஆகவே இதற்கு உரிமைத் தொகை எவருக்கும் செலுத்த வேண்டியதில்லை. ஊர்ப் பொதுக்கிணறு போன்றது இது.

நெசவாளர்களுக்கு இதன் தத்துவம் புதிதன்று. பிரான்ஸ் தேசத்து லியோன் நகரில் 1804-ஆம் ஆண்டை ஒட்டி ஜக்கார்டு அமைத்த தறியில், எந்த இழை தூக்க வேண்டும், எது தாழ வேண்டும் என்பதைத் துளையிட்ட அட்டை சொல்கிறது. பூ அட்டையில் இல்லை. பூவுக்கான கட்டளையே அட்டையில் இருக்கிறது. அந்த அட்டையைப் பார்த்துத்தான் இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ், 1830-களில் தாம் வரைந்த கணிப்பொறிக்கும் அட்டையால் கட்டளையிட எண்ணினார். எச்.டி.எம்.எல்லும் அட்டை போன்றதே. கைப்பேசியிலும் கணினியிலும் பக்கங்களைத் திறந்து காட்டும் ‘உலாவி’ என்பது தறி. நாம் எழுதுவது அட்டை. வாசகர் காண்பது துணி.

எழுதும் முறை

கணினியில் வெறும் எழுத்தை மட்டும் எழுத உதவும் ‘நோட்பேட்’ போன்ற கருவி ஒன்று போதும். எழுதிப் பழகுவதற்கு இணைய இணைப்புகூடத் தேவையில்லை. மலைமேல் சிக்னல் கிடைக்காத நாளிலும் பழகலாம். ஆங்கிலக் குறிச்சொற்களை இங்கே ஒலிப்படி தமிழில் தருகிறோம். பக்கத்தில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்திலேயே எழுத வேண்டும்.

கணக்கில் ‘சிறியது’, ‘பெரியது’ என்று காட்டும் இரு கோணக் குறிகளுக்கு நடுவே எழுதப்படுவது குறிச்சொல். ‘பி’ என்ற ஒரே எழுத்தை அவ்வாறு எழுதினால் ஒரு பத்தி தொடங்குகிறது. அதே எழுத்துக்கு முன் ஒரு சாய்கோடு இட்டு மறுபடி எழுதினால் பத்தி முடிகிறது. தலைப்புக்கு ‘எச்1’, துணைத் தலைப்புக்கு ‘எச்2’. பட்டியல் முழுவதற்கும் ‘யு.எல்.’, அதிலுள்ள ஒவ்வோர் இனத்துக்கும் ‘எல்.ஐ.’. படத்துக்கு ‘ஐ.எம்.ஜி.’. வேறொரு பக்கத்துக்குப் போகும் இணைப்புக்கு ‘ஏ’. விலைப்பட்டியலுக்கு ‘டேபிள்’, அதில் வரிசை ஒவ்வொன்றும் ‘டி.ஆர்.’, கட்டம் ஒவ்வொன்றும் ‘டி.டி.’. பேரேடு எழுதிய கைக்கு இது விரைவில் படிந்துவிடும்.

ஒரு விதியை மறத்தலாகாது. கடைசியாகத் திறந்ததை முதலில் மூட வேண்டும். பட்டியலுக்குள் ஓர் இனத்தைத் திறந்தால், இனத்தை மூடிய பின்னரே பட்டியலை மூடலாம். மூட மறந்தாலும் உலாவி பிழை என்று சொல்லாது. தனக்குத் தோன்றியபடி காட்டிவிட்டுச் சும்மா இருக்கும். ஆதலின் ஒவ்வொரு வரியையும் எழுதியவுடன் திறந்து பார்ப்பது நல்ல பழக்கம்.

பக்கத்துக்குத் ‘தலை’, ‘உடல்’ என்று இரு பகுதிகள் உண்டு. வாசகர் காண்பதெல்லாம் உடலில் இருக்கிறது. உலாவிக்குச் சொல்ல வேண்டிய விவரங்கள் தலையில் இருக்கின்றன: பக்கத்தின் பெயர், அது கைப்பேசித் திரைக்கு அடங்கி நிற்க வேண்டும் என்னும் கட்டளை, எழுத்து எந்த முறையில் அமைந்தது என்னும் அறிவிப்பு ஆகியவை. இக்கடைசி அறிவிப்பு ‘யு.டி.எஃப்.-8’ என்றிருக்க வேண்டும். கோப்பைச் சேமிக்கும்போதும் அதே முறையைத் தெரிந்தெடுக்க வேண்டும். இவை பொருந்தாவிட்டால் தமிழ் எழுத்துகள் குழம்பிப் பொருளற்ற குறிகளாகத் தெரியும்.

மஞ்சக்குட்டை அங்கத்தினர் ஒருவர் தம் விளைவுக்குப் பக்கம் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். தலைப்பில் ஊரும் பொருளும் வரட்டும். அடுத்த பத்தியில் உண்மையைச் சொல்லட்டும்: காப்பி அரபிக்காவா, ரோபஸ்டாவா, தோல் நீக்கிக் கழுவி உலர்த்தியதா, பழமாகவே உலர்த்தியதா, எந்த மாதம் பறித்தது, மிளகு எந்த மரத்தில் படர்ந்தது. பின் விலைப்பட்டியல். அதன் கீழே தொலைபேசி எண். அந்த எண்ணையே ஓர் இணைப்பாக எழுதி, எண்ணுக்கு முன் ‘டெல்’ என்ற சொல்லும் முக்காற்புள்ளியும் இட்டால், கைப்பேசியில் பார்ப்பவர் அதைத் தொட்டவுடன் அழைக்க வழி கிடைக்கும். நெசவாளராயின் நூலின் எண், துணியின் நீளம், சாயத்தின் வகை, கைத்தறிதான் என்பதற்குரிய சான்று ஆகியவற்றை எழுதலாம். இத்தனைக்கும் குறிச்சொற்கள் இருபதைத் தாண்டா.

பக்கத்தின் எடை

மலைக் கிராமத்தில் சிக்னல் மெலிந்திருக்கும். ஆதலால் பக்கத்தின் எடையைக் கவனிக்க வேண்டும். யு.டி.எஃப்.-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் கொள்ளும். ‘கா’ என்பது ககரமும் துணைக்காலுமாக 6 பைட். அப்படியும் ஆயிரம் சொற்கள் கொண்ட பக்கம் ஏறத்தாழ 25 முதல் 30 கிலோபைட்டில் அடங்கிவிடும். கைப்பேசியில் எடுத்த புகைப்படம் ஒன்றோ 3, 4 மெகாபைட் இருக்கும். அஃதாவது ஒரே படம் எழுத்தைக் காட்டிலும் நூறு மடங்கு கனக்கிறது. படத்தை 100 கிலோபைட் அளவுக்குச் சுருக்கி இட்டால் பக்கம் எங்கும் விரைந்து திறக்கும். ஆயத்தக் கருவிகளால் செய்யும் அலங்காரப் பக்கங்கள் பல, தேவையற்ற சுமையைக் கூடவே இழுத்து வருகின்றன. கையால் எழுதிய பக்கத்தில் நாம் வைத்ததைத் தவிர வேறில்லை.

தமிழர் கூடிச் செய்த காரியம்

இம்முயற்சிக்கு முன்னோடிகள் நம்மவரிலேயே உண்டு. சிங்கப்பூரில் 1995-ஆம் ஆண்டில், எழுத்தாளரும் ஆசிரியருமான நா. கோவிந்தசாமி தம் தோழர்களுடன் சேர்ந்து அந்நாட்டுக் கவிதைகளைத் தமிழிலும் இணையத்தில் ஏற்றினார். 1998-ஆம் ஆண்டு பொங்கலன்று, சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் அவர்களின் முயற்சியால் ‘மதுரைத் திட்டம்’ தொடங்கிற்று. பல நாடுகளில் இருந்த தமிழன்பர்கள், ஒருவரையொருவர் நேரில் காணாமலே, பழந்தமிழ் நூல்களைப் பகுதி பகுதியாகத் தட்டச்சு செய்தனர். வேறு சிலர் பிழை திருத்தினர். பின் அவை இணையப் பக்கங்களாக, எவரும் விலையின்றிப் படிக்க, வைக்கப்பட்டன. ஊதியம் வாங்கியவர் எவருமில்லை. பதிவு செய்யாத கூட்டுறவுச் சங்கம் என்று அதைச் சொல்லலாம்.

அக்காலத்தில் ஒரு பெரும் இடர் இருந்தது. ஒவ்வொருவரும் வெவ்வேறு எழுத்துருவும் குறிமுறையும் வைத்திருந்தமையால், ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்க இயலவில்லை. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய ‘தமிழ்நெட் 99’ மாநாடு விசைப்பலகையையும் குறிமுறைகளையும் ஒழுங்குபடுத்த முனைந்தது. 1991-இலேயே தமிழுக்கு இடமளித்திருந்த யூனிகோடு முறை பிற்பாடு எங்கும் பரவி, 2010-இல் தமிழ்நாடு அரசாலும் தரமாக ஏற்கப்பட்டது. பழைய தனி எழுத்துருக்களில் செய்து கைவிடப்பட்ட பக்கங்கள் இன்று படிக்க இயலாமற் கிடக்கின்றன. மதுரைத் திட்டத்தாரோ தம் நூல்களை யூனிகோடுக்கு மாற்றிக் காத்தார்கள். பொதுத்தரத்தில் எழுதுவதும், எழுதியதன் மூலத்தைத் தம்மிடமே வைத்திருப்பதும் எவ்வளவு அவசியம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். 1990-களின் தொடக்கத்தில் செர்ன் நிலையத்தார் எழுதிய ஆதிப் பக்கத்தின் பிரதி இன்றைய கைப்பேசியிலும் படிக்கக் கிடைக்கிறது என்பதையும் இங்கே நினைவிற் கொள்ளலாம்.

நிர்வாகக் குழு கவனிக்க வேண்டியவை

முதலாவது, இணையத்தில் பக்கத்தின் பெயரைச் சங்கத்தின் பெயரிலேயே பதிய வேண்டும். தனி மனிதர் பெயரில் கூடாது. கூட்டுறவு ஸ்தாபனங்களுக்கென்றே ‘டாட் கூப்’ என்னும் பெயர் முடிவு 2002 முதல் இருந்து வருகிறது. தமிழிலேயே ‘.இந்தியா’ என்று முடியும் பெயரும் உண்டு.

இரண்டாவது, கடவுச்சொல்லை முத்திரையிட்ட உறையில் இட்டுச் சங்கப் பெட்டகத்தில் வைத்து, அவ்வாறு வைத்ததைத் தீர்மானப் புத்தகத்தில் பதிய வேண்டும். ஆண்டுக் கட்டணம் கட்ட வேண்டிய தேதியையும் பதிவேட்டில் குறிக்க வேண்டும்.

மூன்றாவது, பக்கத்தின் பிரதியை இரண்டு இடங்களில் காக்க வேண்டும்.

நான்காவது, அங்கத்தினரின் ஆதார் எண், கடன் பாக்கி, வங்கிக் கணக்கு போன்றவற்றை ஒருபோதும் பக்கத்தில் வெளியிடலாகாது. தனிநபர் விவரங்களைக் காக்க 2023-இல் சட்டமே இயற்றப்பட்டுள்ளது.

ஐந்தாவது, விலையை மாதந்தோறும் திருத்தி, திருத்திய தேதியை அடியில் இட வேண்டும். சென்ற பருவத்து விலை நிற்கும் பக்கம் சங்கத்தின் நாணயத்தைக் கெடுக்கும். அதனினும் பக்கம் இல்லாதிருப்பதே மேல்.

பக்கம் எழுதிய மறுநாளே மூட்டை மூட்டையாகக் காப்பி விற்றுவிடும் என்று நாம் சொல்லவில்லை. சரக்கின் தரமும், சொன்ன நாளில் அனுப்பும் நேர்மையுமே விற்பனையை நிலைநிறுத்தும். ஆனால் வாங்குபவர் முதலில் காண்பது விளைவித்தவரின் சொல்லாக இருந்தால், பேரம் தொடங்கும் இடமே மாறுகிறது.

2022-இல் நாடெங்கும் 63,000 தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்கும் திட்டத்துக்கு மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. கணினி வந்த சங்கங்களில் அது கணக்குக்கு மட்டும் உழைத்தால் போதாது. வாரத்தில் ஒரு மாலை, பள்ளிப் படிப்பு முடித்த அங்கத்தினர் வீட்டுப் பிள்ளைகள் இருவரையும், பெரியவர் ஒருவரையும் அதன் முன் அமர்த்துங்கள். பிள்ளைகள் குறிச்சொற்களை எழுதட்டும். என்ன சொல்வது என்பதைப் பெரியவர் சொல்லட்டும். முதல் மாலையில் சங்கத்தின் பெயரும், ஊரும், தொலைபேசி எண்ணும் மட்டும் உள்ள மூன்று வரிப் பக்கம் எழுந்தால் போதும். அடுத்த மகாசபையில் அதை அங்கத்தினர் முன் திறந்து காட்டி, அதில் இன்னும் என்ன சேர்க்க வேண்டும் என்று அவர்களையே கேளுங்கள்.