பழைய காரை வைத்துக் கொள்வதா, விற்பதா? மீட்டரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்!

சித்தூர், திருப்பதி, ரேணிகுண்டா வட்டாரத்தில் வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் ஒரே பேச்சு. வாசலில் நிற்கும் பழைய காரை என்ன செய்வது? இன்னும் கொஞ்ச காலம் ஓட்டுவதா? அல்லது வந்த விலைக்குத் தள்ளிவிட்டுப் புதிது வாங்குவதா?

இத்தனை வீடுகளில் ஒரே சமயத்தில் இந்தக் கேள்வி எழுந்ததற்குக் காரணம் உண்டு. மத்திய அரசு ஊழியர்களுக்கு ஆறாவது சம்பளக் கமிஷன் 2008ல் அமலுக்கு வந்தது. 2006 ஜனவரி முதல் கணக்கிட்ட பாக்கிப் பணத்தில் 40 சதவீதம் 2008-09லும், மீதி 60 சதவீதம் 2009-10லும் கைக்கு வந்தன. ரயில்வே, தபால் இலாகா குமாஸ்தாக்கள் பலர் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கார் வாங்கியது அந்தப் பணத்தில்தான். மாருதி 800, ஆல்ட்டோ, சாண்ட்ரோ என்று சிறிய கார்கள்.

அந்தக் கார்களுக்கு இப்போது 15 வயது முடிந்துவிட்டது. சொந்த உபயோகக் காரின் பதிவு 15 ஆண்டுதான் செல்லும். அதன் பிறகு வண்டியைக் காட்டி, தகுதிச் சான்று பெற்று, 5 ஆண்டுக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அந்த நேரம் வரும்போதுதான் வீட்டில் விவாதம் ஆரம்பமாகிறது. மீட்டர் ஒன்றரை லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது, இனி இது தேறாது என்று மகன் சொல்வான். நம்மை ஒரு நாளும் வழியில் விட்டதில்லையே என்று அப்பா சொல்வார்.

இரண்டு பேர் சொல்வதும் கணக்கு அல்ல.

மீட்டர் சொல்லாத சங்கதி

கிலோமீட்டர் கூடினால் தேய்வது என்ஜின். ஆனால் காரில் பழுது பார்க்க முடிந்த பாகங்களில் முக்கியமானதும் அந்த என்ஜின்தான். ரிங் மாற்றலாம், போரிங் செய்யலாம், ஹெட்டை இறக்கி வால்வு வேலை பார்க்கலாம். பழைய அம்பாசிடர் டாக்சிகள் இரண்டு முறை, மூன்று முறை என்ஜின் வேலை பார்த்துக்கொண்டு லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடின.

பழுது பார்க்க முடியாதது அடித்தட்டு. மழைத் தண்ணீர் கால்மிதிக்குக் கீழே தேங்கி நின்றால் தகடு உள்ளிருந்து அரிக்கும். கதவுக்குக் கீழே இருபக்கமும் ஓடும் பெட்டிச் சட்டம், ஜாக்கி கொடுக்கும் இடம், பின் சக்கரத்தைத் தாங்கும் இடம், இவை மூன்றும் துருப்பிடித்துவிட்டால் வெல்டிங் வைத்து ஒட்டுவது ஏமாற்று வேலை. சின்ன கார்களில் தனியாக சேஸிஸ் கிடையாது. அந்தத் தகடுகள்தான் வண்டியின் எலும்பு.

ஆகவே பழைய காரைப் பற்றி முடிவு செய்ய நினைப்பவர்கள் முதலில் மெக்கானிக்கிடம் என்ஜினைப் பற்றிக் கேட்க வேண்டாம். வண்டியைத் தூக்கி, கால்மிதியை எடுத்துவிட்டு, ஸ்க்ரூ டிரைவரால் அடித்தட்டைக் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே இறங்கினால் அந்தக் காருக்குப் புது என்ஜின் போட்டாலும் பிரயோசனம் இல்லை. கெட்டியாக இருந்தால் மேற்கொண்டு பேசலாம்.

என்ஜினைப் பற்றி ஓரளவு புகையே சொல்லிவிடும். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது, ரிங் அல்லது வால்வு சீல் போயிருக்கும். கறுப்புப் புகை பெரும்பாலும் சில்லறைச் செலவு. என்ஜின் நன்றாகச் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல் வந்து, ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிக்க வேண்டும். டைமிங் பெல்ட் உள்ள வண்டியானால் அது கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்று பில்லைத் தேடுங்கள். அறுந்தால் வண்டி நடுவழியில் நிற்கும். சில என்ஜின்களில் வால்வும் வளைந்துவிடும்.

ரயில்வேயில் இருப்பவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. பழைய ஐ.சி.எப். ரகப் பெட்டிக்கு ஆயுள் 25 ஆண்டு என்று கணக்கு. அந்த 25 ஆண்டும் அது தானாக ஓடிவிடுவதில்லை. குறித்த காலத்துக்கு ஒரு தடவை ஒர்க்ஷாப்புக்கு இழுத்துவந்து, அடிச்சட்டம் முதல் பிரேக் வரை பிரித்துப் பார்த்து அனுப்புகிறார்கள். திருப்பதி பெட்டி பழுதுபார்க்கும் தொழிற்சாலையில் நடப்பது அதுதான். வீட்டுக் காரை எத்தனை பேர் அப்படிப் பிரித்துப் பார்க்கிறோம்?

மலைக்குப் போகும் கார்

இந்த ஊர்க் காருக்கு மற்ற ஊர்க் காருக்கு இல்லாத ஒரு பரீட்சை உண்டு. ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தால் திருமலைக்கு அழைத்துப் போக வேண்டும்! 1944ல் திறந்த முதல் மலைப் பாதை இப்போது இறங்குவதற்கு. 1974ல் வந்த இரண்டாவது பாதை ஏறுவதற்கு. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 18, 19 கிலோமீட்டர்.

ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு ஏறும்போது ரேடியேட்டரும் கிளட்சும் தம் நிலையைச் சொல்லிவிடும். சூட்டு முள் சிவப்பைத் தொட்டால் ஓரமாக நிறுத்திவிடலாம். ஆபத்து இறக்கத்தில்தான். பிரேக் ஆயில் வருஷக்கணக்கில் மாற்றாமல் கிடந்தால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக் கொள்ளும். தொடர்ந்து பிரேக்கை மிதித்து வரும்போது அந்தத் தண்ணீர் கொதித்து ஆவியாகும். பெடல் கால் வைத்த இடத்தில் அப்படியே அமுங்கிப் போகும். பிரேக் ஆயிலை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுவதும், இறக்கத்தில் இரண்டாவது கியரில் வருவதும் பெரிய செலவு இல்லாத காரியங்கள். இதைச் செய்யாத பழைய காரை மலைக்கு எடுத்துப் போகக் கூடாது. 2022 முதல் மலைக்கு மின்சார பஸ்களும் ஓடுகின்றன. விருந்தாளிகளை அதில் ஏற்றிவிட்டால் கௌரவம் ஒன்றும் குறைந்துவிடாது.

பன்னிரண்டாயிரம் ரூபாய் தவணை

இனி பணத்துக்கு வருவோம். இப்படி ஒரு குடும்பத்தை எடுத்துக் கொள்வோம். சித்தூரில் வாசம்; குடியாத்தம் பக்கத்துக்காரர்கள். கணவர் குமாஸ்தா. வயதான தாயாரை மாதம் இரண்டு தடவை வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்ல வேண்டும். மாதம் 600 கிலோமீட்டர் ஓட்டம். கார் 15 வயதான ஆல்ட்டோ. மெக்கானிக் கிளட்ச், சஸ்பென்ஷன், ரேடியேட்டர், நான்கு டயர் எல்லாம் சேர்த்து 45 ஆயிரம் ரூபாய் கேட்கிறார். காரை விற்றாலே அதைவிடக் கொஞ்சம்தான் அதிகம் கிடைக்கும். காரின் விலைக்கு ஏறக்குறைய சமமாக ரிப்பேர் செலவா என்று குடும்பமே திகைக்கிறது.

திகைக்க வேண்டியது அங்கே அல்ல. புதுக் காருக்கு 6 லட்ச ரூபாய் கடன் வாங்கினால், 9 சதவீத வட்டிக்கு, 5 ஆண்டுத் தவணையில் மாதம் சுமார் 12,450 ரூபாய் கட்ட வேண்டும். வட்டி மட்டும் ஒன்றரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. மெக்கானிக் கேட்ட 45 ஆயிரம் நான்கு மாதத் தவணைக்குக்கூடக் காணாது.

பெட்ரோல் மிச்சமாகுமே என்பார்கள். பழையது லிட்டருக்கு 14 கிலோமீட்டர், புதியது 20 கிலோமீட்டர் என்றே வைத்துக் கொள்வோம். மாதம் 600 கிலோமீட்டருக்கு 13 லிட்டர் மிச்சம். லிட்டர் 105 ரூபாய் என்றாலும் 1,350 ரூபாய்தான். (ஆந்திரத்தில் பெட்ரோல் விலை அதிகம் என்பதால் வேலூர் போகிறவர்கள் காட்பாடியில் டாங்க்கை நிரப்பிக்கொண்டு திரும்புவது தெரிந்த விஷயம்தானே!)

அந்த 5 ஆண்டு முடியும்போது புதுக் கார் என்ன ஆகியிருக்கும்? இன்ஷூரன்ஸ் கணக்கில் காரின் மதிப்பு ஆறு மாதம் தாண்டியதும் 15 சதவீதம், இரண்டாவது ஆண்டில் 20, மூன்றாவது ஆண்டில் 30, நான்காவது ஆண்டில் 40, ஐந்தாவது ஆண்டில் 50 சதவீதம் என்று கழிக்கப்படுகிறது. கடைசித் தவணை கட்டும்போது பாதிக் கார்தான் மிஞ்சியிருக்கும்.

எனவே அடித்தட்டு கெட்டியாக இருந்தால் இந்தக் குடும்பம் 45 ஆயிரத்தைச் செலவு செய்து பழைய காரையே ஓட்டுவதுதான் லாபம். ஆனால் ஒரு நிபந்தனை. அடுத்த ஆண்டும் 45 ஆயிரம், அதற்கடுத்த ஆண்டும் 45 ஆயிரம் என்று போனால் கணக்கு கெட்டுவிடும். பணம் போக, ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில் கார் கிளம்பவில்லை என்றால் அதற்கு ரூபாயில் விலை போட முடியாது. ஆண்டுக்கு இரண்டு தடவைக்கு மேல் வழியில் நின்ற காரை நோயாளி இருக்கும் வீட்டில் வைத்திருக்கலாகாது.

கம்பெனி நின்ற வண்டிகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. உத்தரபாராவில் அம்பாசிடர் உற்பத்தி 2014 மே மாதத்தோடு நின்றது. பம்பாயில் பிரீமியர் பத்மினி டாக்சிக்கு 20 ஆண்டு வயது வரம்பு. கடைசி வண்டி 2023 அக்டோபரில் சாலையை விட்டு இறங்கியது. அம்பாசிடர் வைத்திருப்பவர்களுக்கு ரிப்பேர் கூலியைவிட, சாமான் தேடி அலைவதுதான் செலவு. மாருதி 800ம் 2014ல் நின்றதுதான். ஆனால் அதே என்ஜின் ஆம்னியிலும் இருந்ததால் சாமானுக்கு இன்னும் பஞ்சம் இல்லை.

டி.என். நம்பர் படுத்தும் பாடு

தமிழர்களுக்கென்று தனியாக ஒரு தொல்லை உண்டு. கார் வாங்கியது வேலூரில், நம்பர் டி.என். 23, ஓடுவது ஏ.பி.யில். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, ஒரு மாநிலத்து வண்டி 12 மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் இருந்தால் அங்கே புது நம்பர் வாங்க வேண்டும். பழைய ஆர்.டி.ஓ. ஆபீசில் ஆட்சேபணை இல்லை என்ற சான்று பெற்று, இங்கே வரி கட்ட வேண்டும். புதுக் காரானால் முன்பு கட்டிய ஆயுள் வரியில் மீதிக் காலத்துக்குரியதைத் திரும்பக் கேட்கலாம். 15 வயதைத் தொட்ட காருக்குத் திரும்பக் கேட்க என்ன மிஞ்சியிருக்கும்?

இத்துடன் பதிவுப் புதுப்பிப்புக் கட்டணமும் ஏறிவிட்டது. 15 வயதான காருக்கு 600 ரூபாயாக இருந்தது 2022 ஏப்ரல் 1 முதல் 5,000 ரூபாய். 20 வயது தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக்கினார்கள். பசுமை வரி வேறு. மெக்கானிக்கின் 45 ஆயிரத்தோடு இதையும் கூட்டிக்கொண்டுதான் முடிவு செய்ய வேண்டும். மத்திய அரசு ஊழியர்கள் புதுக் காரே வாங்குவதானால் 2021ல் வந்த பி.எச். நம்பரைக் கேட்டு வாங்குவது நல்லது. மாற்றல் ஆகி எந்த மாநிலத்துக்குப் போனாலும் நம்பர் மாற்ற வேண்டாம். வரியும் இரண்டு ஆண்டுக்கு ஒரு தடவை கட்டினால் போதும்.

15 ஆண்டானால் வண்டியை அரசாங்கமே உடைத்துவிடும் என்று ஒரு வதந்தி உலவுகிறது. அதைக் கேட்டுப் பயந்து அடிமாட்டு விலைக்கு விற்றவர்களும் உண்டு. டில்லியில் டீசல் வண்டிக்கு 10 ஆண்டு, பெட்ரோல் வண்டிக்கு 15 ஆண்டு என்று 2015ல் பசுமைத் தீர்ப்பாயம் விதித்த தடை டில்லி வட்டாரத்துக்கு மட்டும். 2023 ஏப்ரலிலிருந்து 15 வயதுக்கு மேல் பதிவு கிடையாது என்பது அரசாங்க வண்டிகளுக்கு மட்டும். தகுதிச் சான்று கிடைக்கும் வரை தனியார் காரை ஓட்டத் தடை இல்லை. தானாக விரும்பி அங்கீகாரம் பெற்ற இடத்தில் உடைக்கக் கொடுத்தால் ஒரு சான்று தருவார்கள். அதைக் காட்டிப் புதுக் காருக்கு வரிச் சலுகை கேட்கலாம்.

கார் மாதம் ஒரு தடவைதான் வெளியே வருகிறது என்றால் வைத்துக் கொள்வதும் வேண்டாம், புதிது வாங்குவதும் வேண்டாம். நின்றே கெடும் பாட்டரிக்கும் இன்ஷூரன்சுக்கும் ஆகிற பணத்தில் ஆண்டு முழுவதும் வாடகைக் காரில் போகலாம். தனியாளாகப் போகிறவருக்கு பாகாலா, சித்தூர் வழியாகக் காட்பாடி போகும் ரயில் இருக்கவே இருக்கிறது.

வைத்துக் கொள்வது என்று முடிவானால் தாமதம் கூடாது. பதிவு முடியும் தேதிக்கு முந்தைய 60 நாட்களுக்குள் மனுக் கொடுக்கலாம். தவறினால் மாதம் 500 ரூபாய் கூடுதல். அது போனாலும் பரவாயில்லை என்று காலாவதியான பதிவோடு ஓட்டாதீர்கள். அப்படிப்பட்ட ஒரு கார் திருட்டுப் போன வழக்கில் இன்ஷூரன்ஸ் கம்பெனி பணம் தர வேண்டியதில்லை என்று 2021ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பதிவுப் புத்தகத்தை இன்றே எடுத்துக் கடைசித் தேதியைப் பாருங்கள்.