பிரேக் இல்லாத மன்ஹாட்டன்

1987 ஜூலையில் நியூயார்க் மேயர் எட் காச் ஒரு தடையை அறிவித்தார். மன்ஹாட்டனின் நடுப்பகுதியில் ஐந்தாம் அவென்யூ, மேடிசன் அவென்யூ, பார்க் அவென்யூ மூன்றிலும் வேலை நாள்களில் காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை சைக்கிள் ஓட்டக் கூடாது. 31ஆம் தெருவிலிருந்து 59ஆம் தெரு வரை இந்தத் தடை. எழுத்தில் எல்லா சைக்கிளுக்கும் பொதுதான். ஆனால் அந்த நேரத்தில் அந்தச் சாலைகளில் பிழைப்புக்காக மிதித்தவர்கள் யார் என்பது ஊருக்கே தெரியும். ஆபீசுக்கு ஆபீஸ் சாமான் கொண்டுசேர்க்கும் மெசஞ்சர்கள். சிக்னலை மதிப்பதில்லை, எதிர்த்திசையில் வருகிறார்கள், நடைபாதையில் ஏறுகிறார்கள், சிலருடைய வண்டியில் பிரேக்கே கிடையாது என்பது புகார்.

புகார் பொய்யில்லை. அவர்கள் முதுகில் தொங்கிய பைக்குள் இருந்தது யாருடைய சாமான் என்பதைத்தான் அந்தப் புகார் சொல்லவில்லை. விளம்பர நிறுவனத்தின் படங்கள், வக்கீல் ஆபீஸின் பத்திரங்கள், கட்டட வரைபடங்கள், காசோலைகள். பத்து மணிக்கு இங்கே கையெழுத்தான தாள் பத்தரைக்கு இருபது தெரு தள்ளி இன்னொரு மேஜையில் இருந்தாக வேண்டும். கார் நெரிசலில் மாட்டிக்கொள்ளும். சுரங்க ரயிலுக்கு இறங்கி ஏறுவதற்குள் பாதி நேரம் போய்விடும். சைக்கிள் மட்டும் புகுந்து போய்விடும். கூலி மணிக்கணக்கில் இல்லை, டெலிவரிக் கணக்கில். பொதுத் தொலைபேசியில் காசு போட்டு ஆபீசைக் கூப்பிட்டு அடுத்த முகவரியை வாங்குவார்கள். பிற்பாடு கையில் ரேடியோ வந்தது. சிவப்பு விளக்கில் நிற்கிற ஒவ்வொரு நிமிடமும் தன் கூலியில் கழிகிற நிமிடம்.

இவர்களில் ஒரு சாரார் ஓட்டியது ஃபிக்சட் கியர் வண்டி. அதில் ஃப்ரீவீல் கிடையாது. பின்பக்கப் பல்சக்கரம் நேராக ஹப்பில் திருகியிருக்கும். குழந்தைகளின் மூன்று சக்கர வண்டியில் பெடல் முன்சக்கரத்தோடு ஒட்டிச் சுற்றுமே, அதே சங்கதிதான், நடுவில் ஒரு செயின் இருப்பதைத் தவிர. சக்கரம் ஓடுகிறவரை பெடலும் ஓடும். இறக்கத்திலும் காலுக்கு ஓய்வு இல்லை. வேகத்தைக் குறைக்க, பின்னாலிருந்து மேலே ஏறிவரும் பெடலை எதிர்த்து அழுத்த வேண்டும். அவசரமாக நிறுத்த வேண்டுமானால் உடம்பை ஹேண்டில்பார் மேல் சாய்த்து, பின்சக்கரத்தின் மேலுள்ள பாரத்தைக் குறைத்து, இரண்டு காலையும் அசையாமல் இறுக்கிப் பிடிக்க வேண்டும். சக்கரம் நின்றுபோய் டயர் தாரில் தேய்ந்துகொண்டே இழுபடும். அந்த நேரத்தில் பாதம் நழுவினால் கதை முடிந்தது. அதனால்தான் பெடலில் வார் போட்டுக் காலைக் கட்டிக்கொள்கிறார்கள்.

இது வெலோட்ரோம் என்னும் பந்தய வட்டத்துக்காகப் பிறந்த வண்டி. அங்கே எல்லோரும் ஒரே திசையில், சக்கரத்துக்குச் சக்கரம் ஒட்டிப் போவதால், ஒருவர் திடீரென்று பிரேக் பிடித்தால் பின்னால் வருகிறவர்கள் மொத்தமாகச் சரிவார்கள். அந்த வட்டத்துக்குள் பிரேக் இல்லாமல் இருப்பதே பாதுகாப்பு. டிரினிடாட், ஜமைக்கா, பார்படாஸ் போன்ற கரீபியத் தீவுகளிலிருந்து வந்து மெசஞ்சர் வேலையில் சேர்ந்தவர்கள்தான் அதைத் தெருவுக்கு இறக்கினார்கள் என்று அந்தத் தொழிலில் இருந்தவர்கள் சொல்வார்கள். தெருவுக்கு ஏன் ஒத்துவந்தது என்பதற்கு வீரதீரக் காரணம் தேட வேண்டியதில்லை. நியூயார்க் குளிர்காலத்தில் சாலையில் உப்பு கொட்டுவார்கள். உப்பும் சேறும் பிரேக் கேபிளையும் கியரையும் தின்றுவிடும். பூட்டி வைத்த வண்டியிலிருந்து திருடன் கழற்றிக்கொண்டு போக உதிரி பாகம் குறைவு. ரிப்பேருக்கு வண்டியை விட்டால் அன்றைய வருமானம் போச்சு. கெட்டுப்போக எதுவும் இல்லாத வண்டி அன்றாடங்காய்ச்சிக்கு லாபம்.

எல்லா மெசஞ்சரும் அப்படித்தான் ஓட்டினார்கள் என்பது பின்னால் கட்டிய கதை. பத்து கியர் சைக்கிளில், இரண்டு பிரேக்கோடு, வேலையை முடித்துவிட்டு வீட்டுக்குப் போனவர்கள் ஏராளம். அவர்களைப் பற்றி யாரும் படம் எடுக்கவில்லை. பேர் வாங்கியவரும் உண்டு. ஹார்லெமில் வளர்ந்த நெல்சன் வெய்ல்ஸ் மன்ஹாட்டனில் மெசஞ்சராக மிதித்தவர். அவர் 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் ஸ்பிரிண்ட் போட்டியில் வெள்ளி வாங்கினார். சைக்கிளில் ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் கறுப்பின அமெரிக்கர் அவர்தான். இரண்டு வருடம் கழித்து, கெவின் பேகன் மெசஞ்சராக நடித்த ‘குவிக்சில்வர்’ படத்திலும் தலைகாட்டினார்.

காச்சின் தடை நடப்புக்கு வரவில்லை. மெசஞ்சர்கள் வேலை முடிந்த மாலைகளில் ஆறாம் அவென்யூவை அடைத்துக்கொண்டு ஆமை வேகத்தில் ஊர்ந்து எதிர்ப்பைக் காட்டினார்கள். முறைப்படி அறிவிப்பு வெளியிடவில்லை என்று நீதிமன்றம் தடையை நிறுத்தியது. மேயரால் முடியாததை ஃபேக்ஸ் மிஷின் செய்து முடித்தது. அதற்குப் பின்னால் மின்னஞ்சல், பிடிஎஃப். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு பெரிய கட்டடங்கள் பல, மெசஞ்சரை மாடிக்கே விடாமல் கீழ்த்தளத்தில் நிறுத்திவைத்தன.

தொழில் சுருங்கச் சுருங்க வண்டி பெருகியதுதான் வேடிக்கை. 2000களின் நடுவில் புரூக்ளினில் காபிக் கடை வாசல்கள் எல்லாம் ஃபிக்சி, அதாவது ஃபிக்சட் கியர் வண்டி. சட்டம் ஒரு நிறம், டயர் ஒரு நிறம், செயின் ஒரு நிறம். 2009இல் ‘அர்பன் அவுட்ஃபிட்டர்ஸ்’ துணிக்கடையே, நிறங்களைத் தேர்ந்தெடுத்து ஆர்டர் செய்யும் ஃபிக்சியை விற்றது. 2008இல் தொடங்கிய ‘ரெட் ஹுக் கிரிட்’ பந்தயத்தில் பிரேக் இல்லாத வண்டிகளை மட்டுமே ஓட்டினார்கள். மிலான், பார்சிலோனா, லண்டன் வரை அது பரவியது. 2012இல் வந்த ‘பிரீமியம் ரஷ்’ படத்தில் ஜோசப் கார்டன்-லெவிட், பிரேக் இல்லாமல் ஓட்டுவதை ஒரு கொள்கையாகவே பேசும் மெசஞ்சர். படப்பிடிப்பில் அவர் ஒரு டாக்ஸியின் பின்கண்ணாடிக்குள் போய் விழுந்து, கையில் 31 தையல் போட வேண்டியிருந்தது. படத்தின் முடிவில் அந்த ரத்தக் கையையும் காட்டினார்கள். விளம்பரமா எச்சரிக்கையா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

அழகுக்காக ஓட்டிய இந்த இரண்டாவது கூட்டத்துக்குத்தான் கணக்குப் பைத்தியம் பிடித்தது. முன்னால் 48 பல், பின்னால் 16 பல் என்றால் விகிதம் சரியாக மூன்று. ஒரே காலை முன்வைத்து எப்போது சக்கரத்தை நிறுத்தினாலும் டயரின் அதே ஓரிடம்தான் தரையில் தேயும். புது டயர் சீக்கிரமே அந்த இடத்தில் பல்லைக் காட்டிவிடும். பின்னால் 17 பல் போட்டால் தேய்மானம் 17 இடங்களுக்குப் பிரிந்துவிடும். ரொம்ப அழகான கணக்கு. ஆனால் இதே ஆர்வம் அதைவிட முக்கியமான இன்னொரு கணக்கின் பக்கம் போகவில்லை. வண்டி வேகம் குறையும்போது பாரம் முன்னுக்குப் போகிறது, பின்சக்கரம் லேசாகிறது. ஆகவே பின்சக்கரத்தை மட்டும் எத்தனை லாவகமாக நிறுத்தினாலும், நல்ல முன்பிரேக் ஒன்று நிறுத்துகிற தூரத்துக்குள் நிறுத்த முடியாது. பழகப் பழக வந்துவிடும் என்பது இங்கே செல்லாது.

லண்டனில் 2016 பிப்ரவரியில் அது தெரிந்தது. முன்பிரேக் இல்லாத டிராக் சைக்கிளில் வந்த 18 வயது இளைஞன் ஓல்ட் ஸ்ட்ரீட் அருகே சாலையைக் கடந்த ஒரு பெண்மேல் மோதினான். இரண்டு குழந்தைகளின் தாய். ஒரு வாரத்தில் இறந்துபோனார். ஃபிக்சட் சக்கரத்தைப் பின்பிரேக்காக ஏற்கும் பிரிட்டிஷ் சட்டம் முன்பிரேக் கட்டாயம் என்கிறது. கொலையாகாத மரணம் விளைவித்த குற்றத்திலிருந்து அவனை விடுவித்த நீதிமன்றம், குதிரை வண்டிக் காலத்து 1861ஆம் ஆண்டுச் சட்டத்தில் 18 மாதத் தண்டனை விதித்தது. தெருவில் பிரேக் இல்லாமல் ஓட்டினால் அடிபடுவது ஓட்டுகிறவன்தான், அவன் இஷ்டம் என்ற பேச்சு அதோடு எடுபடாமல் போயிருக்க வேண்டும். போகவில்லை. 2025இல் தென் கொரியாவில் பள்ளிப் பிள்ளைகள் பிரேக்கோடு வந்த ஃபிக்சியை வாங்கி, பிரேக்கைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டினார்கள். சியோலில் ஒரு மாணவன் இறக்கத்தில் நிறுத்த முடியாமல் இறந்தபின் போலீஸ் பிடிக்கத் தொடங்கியது. பிழைப்புக்காகப் பிரேக் வைக்காதவனையும் அழகுக்காகக் கழற்றியவனையும் என்னால் ஒரே தட்டில் வைக்க முடியவில்லை, முதலாமவன் மோதினாலும் அடி அதேதான் என்றாலும்.

நியூயார்க் மாநிலச் சட்டம் கேட்பது கொஞ்சம்தான்: உலர்ந்த சமதரையில் சக்கரத்தை நிறுத்தி இழுபட வைக்கும் ஒரு பிரேக். எங்கள் கால் அதைத்தானே செய்கிறது என்பார்கள் ஃபிக்சிக்காரர்கள். இன்றைக்கு மன்ஹாட்டனில் அவர்களைக் காண்பதே குறைவு. சாலையை நிறைத்திருப்பது மின்சார சைக்கிள். ஓட்டுகிறவர்கள் மெக்சிகோ, குவாத்தமாலா, வங்கதேசம், மேற்கு ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வந்தவர்கள். பையில் பத்திரத்துக்குப் பதில் பிரியாணியோ பீட்சாவோ. மாநிலம் 2020இல்தான் அந்த வண்டியையே சட்டபூர்வமாக்கியது. அதில் பிரேக் உண்டு, இரண்டு சக்கரத்துக்கும். ஆனாலும் சிக்னலை மதிப்பதில்லை, எதிர்த்திசையில் வருகிறார்கள், நடைபாதையில் ஏறுகிறார்கள் என்ற புகார் 1987இலிருந்து வார்த்தை மாறாமல் வருகிறது. 2025 அக்டோபரில் நகரம் மின்சார சைக்கிளுக்கு மணிக்கு 15 மைல் என்று வேக வரம்பும் வைத்தது.

அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது 2023 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த இன்னொரு விதி. உணவு டெலிவரி ஆப்களில் வேலை பார்ப்பவர்களுக்கு மணிக்கு 17.96 டாலர் குறைந்தபட்சக் கூலி; 2025 ஏப்ரலில் அது 21.44 டாலர் ஆனது. ஆர்டரோடு சிவப்பு விளக்கில் நிற்கிற நிமிடத்துக்கும் இப்போது கூலி ஓடுகிறது. காச்சின் காலத்தில் டெலிவரிக் கணக்கில் ஓட்டிய மெசஞ்சருக்கு அது கிடைத்ததில்லை. தாமதமானால் ஆப்பில் கணக்கை முடக்கிவிடுவார்களோ என்ற பயம் மட்டும் தீரவில்லை. மஞ்சள் விளக்கைப் பார்த்ததும் கை பிரேக்கை விட்டுவிட்டு ஆக்ஸிலரேட்டருக்குப் போவது அதனால்தான்.