சியூ யுக்

சியூ யுக் என்பது தோலுடன் கூடிய பன்றி இறைச்சியை வறண்ட வெப்பத்தில் சுட்டுச் செய்யப்படும் கண்டோனிய உணவாகும். தென் சீனாவின் குவாங்டொங் மாகாணமும் ஆங்காங்கும் இதன் தாயகம். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இது ஒக்கியன் மொழியில் சியோ பாக் எனப்படுகிறது. திருச்சிராப்பள்ளி வட்டாரத்திலிருந்து இந்நாடுகளுக்கு வேலைக்குச் சென்ற தமிழர் பலர் அங்குள்ள உணவங்காடிகளில் இதைக் கண்டிருப்பர். சிவந்த நிறமும் இனிப்பும் கொண்ட சார் சியூ வேறு. அதில் மொறுமொறுப்பான தோல் இராது.

வரலாறு

பன்றிக்குட்டியைச் சுடும் முறை 6 ஆம் நூற்றாண்டுச் சீன வேளாண் நூலான சீமின் யாவ்ஷுவிலேயே விளக்கப்பட்டுள்ளது. முன்னோர் கல்லறைகளை வழிபடும் சிங்மிங் நாளில் முழுப்பன்றியைச் சுட்டுப் படைப்பது கண்டோனியர் வழக்கம். தமிழருக்கும் பன்றி இறைச்சி புதிதன்று. குழியில் நிறுத்திக் கொழுக்க வைத்த பன்றியின் இறைச்சியைப் பெரும்பாணாற்றுப்படை குறிப்பிடுகிறது.

தோல் பொரியும் விதம்

இவ்வுணவின் சிறப்பு முழுவதும் தோலில்தான் உள்ளது. பன்றித்தோல் பெரும்பாலும் கொலாசன் என்னும் புரதத்தால் ஆனது. ஈரத்துடன் வெந்தால் இது கூழ்மமாக இளகும். பின்னர் உலர்ந்து, சிறிதளவு நீர் மட்டும் எஞ்சிய நிலையில் கடும் வெப்பம் பட்டால், அந்நீர் ஆவியாகித் தோலை உப்பச் செய்யும். அரிசி வடகம் எண்ணெயில் பொரிவதும் இவ்வாறே. நன்கு காயாத வடகம் பொரியாதது போல, ஈரத்தோல் இரப்பர் போலாகிவிடும். இறைச்சிக்கோ ஈரம் தேவை. ஒரே துண்டில் இவ்விரண்டையும் காப்பதே இச்சமையலின் சிக்கல்.

வீட்டில் செய்யும் முறை

தோலும் கொழுப்பும் சதையும் அடுக்கடுக்காக உள்ள வயிற்றுப்பகுதியில் ஏறத்தாழ 1 கிலோகிராம் எடுத்துக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் வளர்க்கப்படும் வெண்பன்றியின் இறைச்சி இதற்கு ஏற்றது. கடைக்காரரிடம் தோலை உரிக்க வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுவது நல்லது. தோலைக் கொதிநீரில் சில நிமிடம் வைத்து, எஞ்சிய மயிரைச் சுரண்டி, துடைக்க வேண்டும். பின்னர் கூரிய கம்பியால் தோல் முழுவதும் நெருக்கமாகக் குத்த வேண்டும். துளை சதையைத் தொட்டால் சாறு மேலேறித் தோலை நனைத்துவிடும்.

சதைப்பகுதியில் உப்பு, சிறிது சர்க்கரை, ஐந்து மசாலாப்பொடி ஆகியவற்றைத் தேய்க்க வேண்டும். அப்பொடியில் சேரும் அன்னாசிப்பூ, பட்டை, கிராம்பு, சோம்பு நான்கும் தமிழர் அடுக்களையில் உள்ளவையே; சிச்சுவான் மிளகு ஒன்றுதான் அயலது. தோலில் மசாலா படக்கூடாது, கருகிவிடும்.

அடுத்தது உலர்த்தல். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட திருவரங்கத்தில் ஐப்பசி, கார்த்திகை மாதக் காற்று ஈரமானது. கோடையிலோ வெப்பநிலை 40 பாகை செல்சியசை எட்டும். வெளியில் வைத்தால் தோல் காய்வதற்குள் இறைச்சி கெடும். ஆகவே, தோலில் வினாகிரி தடவி, மூடாமல் குளிர்சாதனப் பெட்டியில் ஓர் இரவு வைக்க வேண்டும். அங்குள்ள காற்று குளிர்ந்ததும் உலர்ந்ததும் ஆகும்.

மறுநாள் தோலின் மேல் கல்லுப்பைத் தடிமனாகப் பரப்பி, மின் அடுமனையில் 180 பாகையில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் சுட வேண்டும். பிறகு உப்பை முழுவதும் நீக்கிவிட்டு, 220 முதல் 240 பாகை வரை வெப்பத்தைக் கூட்டி, 20 அல்லது 30 நிமிடம் சுட்டால் தோல் சிறு கொப்புளங்களாகப் பொரியும். கருகிய இடங்களைக் கத்தியால் சுரண்டிவிடலாம். நுண்ணலை அடுப்பு மட்டும் இதற்கு உதவாது.

நாடாப்புழு

சரியாக வேகாத பன்றி இறைச்சியிலிருந்து குடலில் நாடாப்புழு தொற்றலாம். இந்தியாவில் வலிப்பு நோய்க்கு முக்கிய காரணங்களுள் ஒன்றான மூளை நீர்க்கட்டி நோயும் இப்புழுவால் வருவதே. ஆயினும் அது இறைச்சியால் நேரடியாக வருவதில்லை. புழு உள்ளவரின் மலத்திலிருந்து அதன் முட்டைகள் கை, நீர், பச்சைக் காய்கறி வழியாகப் பிறர் வயிற்றை அடைவதால் வருகிறது. எனவே புலால் உண்ணாதவரையும் அது தாக்கும். இறைச்சியின் உட்பகுதி 71 பாகையைத் தாண்டினால் அதிலுள்ள புழுவின் இளநிலைக் கூடுகள் அழிந்துவிடும். மேற்கூறிய முறையில் சுடும்போது வெப்பம் வழக்கமாக இந்த அளவைக் கடக்கும். எனினும் தடித்த துண்டாயின் வெப்பமானியைச் செருகிப் பார்ப்பது தக்கது.