ஒட்டினால் ஒட்டியதுதான்!

இதய நோயாளிகள் பலர் தினமும் விழுங்கும் 75 மில்லிகிராம் ஆஸ்பிரின், ரத்தத்தில் அதே உருவில் அதிக நேரம் தங்குவதில்லை. சுமார் 20 நிமிடங்களில் பாதி சிதைந்துவிடும். ஆனாலும் ஆபரேஷன் என்று போய் நின்றால், "ஆஸ்பிரின் கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள்?" என்று டாக்டர் கேட்கிறார். போன வாரக் கணக்கு அவருக்கு எதற்கு?

ரத்தத் தட்டணுக்களுக்குள் இருக்கும் 'காக்ஸ்-1' என்ற புரதம்தான் காரணம். ஏறத்தாழ 600 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி மடிந்து உருவான நொதி இது. இதற்குள் ஒரு குறுகலான சந்து உண்டு. அராக்கிடோனிக் அமிலம் அதன் வழியே நுழைந்து உருமாறி, கடைசியில் த்ராம்பாக்சேன் ஆகிறது. தட்டணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவைப்பது இந்த த்ராம்பாக்சேன்தான். வெட்டுக்காயத்தில் அது உயிர் காக்கும். இதயத் தமனிக்குள் ரத்தம் உறைந்தாலோ மாரடைப்பு.

ஆஸ்பிரின் அந்தச் சந்துக்குள் புகுந்து, தன்னிடமுள்ள அசிட்டைல் துணுக்கை செரீன் என்ற ஒரே ஒரு அமினோ அமிலத்தின் மீது ஒட்டிவிடுகிறது. துணுக்கில் இருப்பவை மொத்தம் ஆறே அணுக்கள்! சந்து அடைபட்டு, த்ராம்பாக்சேன் உற்பத்தி நின்றுபோகிறது. வலியைத் தூண்டும் புராஸ்டாகிளாண்டின்களின் உற்பத்தியை ஆஸ்பிரின் தடுப்பதை 1971ல் காட்டிய ஜான் வேன், 1982ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். தட்டணுவில் நடக்கும் இந்த ஒட்டுவேலையை 1975ல் ரோத், மஜெரஸ் இருவரும் நிரூபித்தார்கள்.

மற்ற செல்கள் புதுப் புரதம் செய்து சமாளித்துக்கொள்ளும். தட்டணுவுக்கு உட்கருவே கிடையாது. பழுதான நொதியோடுதான் அது தன் 7 முதல் 10 நாள் ஆயுளைக் கழிக்க வேண்டும். டாக்டர் கேட்கும் கணக்கு இதுதான்.

இபுப்ரோஃபெனும் அதே சந்துக்குள்தான் போகிறது. எதையும் ஒட்டாமல் சில மணி நேரத்தில் வெளியேறிவிடும். ஆனால் அது முந்திக்கொண்டால் ஆஸ்பிரினுக்கு உள்ளே இடமில்லை. அது நகர்வதற்குள் ஆஸ்பிரின் சிதைந்துபோயிருக்கும்.

புரதத்தில் துணுக்கை ஒட்டி வேலையை மாற்றுவது செல்லுக்குப் புதிதல்ல. தசையில் சேமித்த கிளைக்கோஜனை உடைக்கும் நொதியை, பாஸ்பேட் ஒட்டி முடுக்குகிறது, கழற்றி அடக்குகிறது. இதைக் கண்டறிந்த ஃபிஷர், கிரெப்ஸ் இருவருக்கும் 1992ல் நோபல் கிடைத்தது. பாஸ்பேட்டைக் கழற்ற செல்லில் தனி நொதிகள் உண்டு. ஆஸ்பிரின் ஒட்டியதைக் கழற்றத் தட்டணுவுக்கு வழியில்லை.

எனவே ஸ்டென்ட் வைத்தவர்கள், ஆபரேஷன் என்றதும் நீங்களாகவே ஆஸ்பிரினை நிறுத்திவிடாதீர்கள், டாக்டரைக் கேளுங்கள். மூட்டுவலிக்கு இபுப்ரோஃபென் வாங்கும் முன், ஆஸ்பிரின் சாப்பிடுவதை மறக்காமல் சொல்லுங்கள்.