"யார் ஜெயிச்சாலும் லாபம்": மேட்ச்டு பெட்டிங் கணக்கு சரிதான், ஆனா நம்ம ஊர்ல?

ஐபிஎல் சீசன்ல போடியில இருந்து ராசிங்காபுரம் வர்ற பஸ்ல ஏறினீங்கன்னா, ஸ்கோர் பார்க்குறவங்களோட சேர்த்து ரேட் பார்க்குறவங்களும் நாலு பேர் இருப்பாங்க. இது பழைய கதை. புதுசா டெலிகிராம் குரூப்கள்ல சுத்துற வார்த்தை 'மேட்ச்டு பெட்டிங்'. "இது சூதாட்டமே இல்ல ப்ரோ, வெறும் கணக்கு. எந்த டீம் ஜெயிச்சாலும் லாபம். இங்கிலாந்துல காலேஜ் பசங்களே இதுல பாக்கெட் மணி பார்க்குறாங்க" அப்படின்னு சொல்லி, மாசம் 20,000, 25,000 சம்பளம் வாங்குற நம்ம பசங்களைக் கூப்பிடுறாங்க.

சொல்றதுல ஒரு பாதி நிஜமாவே உண்மை. இங்கிலாந்துல இது நடக்குது, கணக்கும் சரியா வருது. அதனால "எல்லாம் ஏமாத்து வேலை"ன்னு ஒரே வரியில ஒதுக்கினா, கணக்கு தெரிஞ்ச பையன் நம்மளைத்தான் சிரிப்பான். முதல்ல கணக்கையே பார்த்துடுவோம்.

எப்படி வேலை செய்யுது?

இதுக்கு ரெண்டு இடம் வேணும். ஒண்ணு புக்மேக்கர். "இந்த டீம் ஜெயிக்கும்"னு அங்க பணம் கட்டுறீங்க. இதுக்கு 'பேக்' பண்றதுன்னு பேரு. இன்னொண்ணு பெட்டிங் எக்ஸ்சேஞ்ச். 2000-ல லண்டன்ல தொடங்குன பெட்ஃபேர் இதுல பெரிய பேரு. எக்ஸ்சேஞ்ச்ல "இந்த டீம் ஜெயிக்காது"ன்னும் கட்டலாம். அதாவது நீங்களே புக்மேக்கர் இடத்துல உட்கார்ந்து, இன்னொருத்தர் பெட்டை வாங்கிக்கிறீங்க. இது 'லே'.

ஒரே மேட்ச்ல ஒரு பக்கம் பேக், மறு பக்கம் லே. ரெண்டும் ஒண்ணையொண்ணு அடிச்சுக்கும். அப்போ லாபம் எங்க இருந்து வருது? புக்மேக்கர் புது கஸ்டமருக்குக் குடுக்குற ஆஃபர்ல இருந்து. "10 பவுண்டு கட்டுங்க, 10 பவுண்டுக்கு ஃப்ரீ பெட் தர்றோம்"னு சொல்வாங்க. அந்த ஃப்ரீ பெட்டைக் காசா மாத்துறதுதான் மொத்த வித்தையும்.

ஒரு உதாரணம் போடுவோம். எக்ஸ்சேஞ்ச் கமிஷன் 2%னு வச்சுக்கோங்க.

முதல் பெட், ஆஃபருக்குத் தகுதி வாங்க. புக்மேக்கர்ல 2.00 ரேட்ல 10 பவுண்டு பேக் பண்றீங்க. எக்ஸ்சேஞ்ச்ல அதே டீமுக்கு ரேட் 2.04. அங்க 9.90 பவுண்டு லே. டீம் ஜெயிச்சா புக்மேக்கர்ல 10 லாபம், எக்ஸ்சேஞ்ச்ல 10.30 நஷ்டம். தோத்தா புக்மேக்கர்ல 10 போச்சு, எக்ஸ்சேஞ்ச்ல கமிஷன் போக 9.70 வந்துச்சு. எப்படிப் பார்த்தாலும் 30 பென்ஸ் கைக்காசு போகும். இது உள்ள நுழையுற டிக்கெட் காசு மாதிரி.

ரெண்டாவது, அந்த ஃப்ரீ பெட். ஜெயிச்சா லாபம் மட்டும்தான் வரும், கட்டுன 10 திரும்ப வராது. அதனால ரேட் அதிகமா இருக்குற டீம் எடுக்கணும். பேக் ரேட் 5.00, லே ரேட் 5.20னு வைங்க. லே பண்ண வேண்டியது 7.72 பவுண்டு. ஜெயிச்சா புக்மேக்கர் 40 தர்றான், எக்ஸ்சேஞ்ச்ல 32.42 போகுது, மிச்சம் 7.58. தோத்தா ஃப்ரீ பெட்ல நமக்குக் கைநஷ்டம் இல்ல, எக்ஸ்சேஞ்ச்ல 7.57 வருது. முதல் பெட்ல போன 30 பென்ஸைக் கழிச்சா 7.27 பவுண்டு சுளையா நிக்குது. மேட்ச் ரிசல்ட் என்னன்னு பார்க்கவே வேண்டாம்.

நம்ம போடி ஏலக்காய் யாவாரிகளுக்கு இது புதுசில்ல. ஏலத்துல சரக்கு எடுக்குறதுக்கு முன்னாடியே வடக்க ஒரு பார்ட்டிகிட்ட ரேட் பேசி முடிச்சு வச்சிருக்கிறவருக்கு, நாளைக்கு விலை ஏறினா என்ன, இறங்கினா என்ன? நடுவுல இருக்குற வித்தியாசம் அவருது. பேசி வைக்காம குடோன்ல அடுக்கினவர் கதை வேற. 2019 ஆகஸ்ட்ல புத்தடி ஏலத்துல கிலோ 7,000 ரூபாயைத் தொட்ட ஏலக்காய், அடுத்த மூணு வருஷத்துக்குள்ள சராசரியா 1,000 ரூபாய்க்குக் கீழ வந்ததை இந்தப் பக்கம் யாரும் மறந்திருக்க மாட்டாங்க. ரெண்டு பக்கமும் கட்டிப் போட்டா பயம் இல்லைங்கிற தத்துவம் சரி. ஆனா ரெண்டு பக்கமும் ஒழுங்கான ஆள் இருக்கணும்.

அங்க ஓடுது, இங்க ஏன் ஓடாது?

இங்கிலாந்துல புக்மேக்கரும் எக்ஸ்சேஞ்சும் லைசென்ஸ் வாங்கின கம்பெனிகள். கேம்ப்ளிங் கமிஷன்னு ஒரு அரசு அமைப்பு மேல உட்கார்ந்திருக்கு. பெட் கட்டி ஜெயிச்ச பணத்துக்கு அங்க வரி கிடையாது. இவ்வளவு இருந்தும் இது நிரந்தர வருமானம் இல்ல. ஆஃபரை மட்டும் குறி வைக்கிற கஸ்டமரை புக்மேக்கர் சீக்கிரமே கண்டுபிடிச்சு, "இனி உனக்கு ஆஃபர் இல்ல"ன்னு கணக்கைச் சுருக்கிடுவான். 7.57 சம்பாதிக்க எக்ஸ்சேஞ்ச்ல 32.42 பவுண்டு முடங்கிக் கிடந்ததையும் கவனிச்சீங்களா? லே ரேட்டை ஒரு தடவை தப்பா அடிச்சா, மாசம் பூரா பார்த்த லாபம் ஒரே மேட்ச்ல போயிடும்.

இப்போ நம்ம ஊருக்கு வாங்க. தமிழ்நாட்டோட 2022 ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் 2023 ஏப்ரல்ல அமலுக்கு வந்துச்சு. இதுல பெட் கட்டுறவருக்கே 3 மாசம் வரை ஜெயில், இல்ல 5,000 ரூபாய் வரை அபராதம், இல்ல ரெண்டும். 2025 ஆகஸ்ட் 22-ல ஜனாதிபதி ஒப்புதல் வாங்கின மத்திய ஆன்லைன் கேமிங் சட்டம், பணம் கட்டி ஆடுற ஆன்லைன் கேம் எல்லாத்தையும் நாடு முழுக்கத் தடை பண்ணுது. அதுல ஆடுறவருக்குத் தண்டனை இல்ல. நடத்துறவருக்கு 3 வருஷம் வரை ஜெயில், இல்ல 1 கோடி வரை அபராதம், இல்ல ரெண்டும்; விளம்பரம் பண்றவருக்கு 2 வருஷம் வரை ஜெயில், இல்ல 50 லட்சம் வரை அபராதம், இல்ல ரெண்டும். "மத்திய சட்டத்துல ஆடுறவனுக்கு ஒண்ணும் இல்ல ப்ரோ"ன்னு குரூப் அட்மின் சொல்றது அந்த அளவுக்கு நிஜம்தான். மாநிலச் சட்டம் ஒண்ணு இருக்குங்கிறதை அவர் சொல்ல மாட்டார். அவர் அனுப்புற ரெஃபரல் லிங்க்கை நீங்க நாலு பேருக்கு ஃபார்வர்ட் பண்ணும்போது நீங்க எந்த வரிசையில நிக்கிறீங்கன்னும் யோசிச்சுக்கோங்க.

"சரி, யு.கே. சைட்லயே கணக்கு ஓபன் பண்ணிடலாமே?" அங்க அடையாளச் சான்று, முகவரிச் சான்று எல்லாம் கேட்பாங்க. அதோட லாட்டரி, ஸ்வீப்ஸ்டேக் மாதிரி விஷயங்களுக்கு வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புறதை ஃபெமா விதிகளே தடை பண்ணுது.

சட்டத்தை ஒரு நிமிஷம் ஓரமா வச்சுட்டு, வரியை மட்டும் பாருங்க. யாரும் பேசாத இடம் இதுதான். 2023-24 நிதியாண்டுல இருந்து ஆன்லைன் கேம் ஜெயிப்புக்கு நேரா 30% வரி, செஸ் தனி. 12 லட்சம் வரை வரி இல்லைங்கிற புது ரெஜிம் சலுகை இந்த வருமானத்துக்குக் கிடைக்காது. டிடிஎஸ் அந்தந்த கம்பெனி கணக்கை வச்சுப் பிடிக்கிறது. ஒரு இடத்துல ஜெயிச்சதுல இருந்து இன்னொரு இடத்துல விட்டதைக் கழிச்சுக் காட்ட வழி இல்ல. மேட்ச்டு பெட்டிங்கோட உயிரே ஒரு இடத்துல ஜெயிச்சு இன்னொரு இடத்துல தோக்குறதுதானே! மேல போட்ட கணக்கையே எடுத்துக்கோங்க. ஃப்ரீ பெட் ஜெயிச்சா 40-க்கு 30%, அதாவது 12 போயிடும். கையில நிக்க வேண்டிய 7.58 இப்போ 4.42 நஷ்டமா மாறிடுச்சு. 'ரிஸ்க் இல்லாத லாபம்' நம்ம வரி விதியில போட்டா, ஜெயிச்சாலே நஷ்டம்.

அப்போ டெலிகிராம்ல விக்கிறது என்ன?

அது வேற சரக்கு. வாட்ஸ்அப்ல ஒரு 'ஐடி' குடுப்பாங்க, யுபிஐல பணம் போடச் சொல்வாங்க, "100% போனஸ்"னு காட்டுவாங்க. கீழ பொடி எழுத்துல ரோல்ஓவர்னு ஒரு நிபந்தனை இருக்கும். 5,000 போட்டு 5,000 போனஸ் வாங்குறீங்க, மொத்தத்தையும் 10 தடவை சுத்தி பெட் கட்டினாதான் எடுக்க முடியும்னு வைங்க. அப்போ 1,00,000 ரூபாய்க்கு பெட் கட்டணும். ரெண்டு பக்கமும் கட்டினாலும் ஒவ்வொரு பெட்லயும் ரேட் வித்தியாசத்துல 4% தேயுதுன்னா 4,000 காலி. 6% தேஞ்சா 6,000, அதாவது போனஸைத் தாண்டி உங்க காசும் போகுது. இதுவும் அந்த சைட் நேர்மையா காசைத் திருப்பிக் குடுத்தா மட்டும். குடுக்கலைன்னா யார்கிட்ட போய்ச் சொல்வீங்க?

குடுத்தாலும் ஒரு பெரிய தலைவலி இருக்கு. இந்த சைட்டுகளுக்குச் சொந்தக் கணக்கு கிடையாது. யார் யாரோ வாடகைக்கு விட்ட பேங்க் கணக்கு வழியா பணம் சுத்தும். உங்களுக்கு வந்த 3,000 ரூபாய், வேற எங்கயோ ஒரு ரிட்டயர்டு டீச்சர்கிட்ட ஏமாத்தின பணமா இருக்கலாம். அவங்க 1930-க்கு போன் போட்டுப் புகார் குடுத்தா, அந்தப் பணம் போன பாதையில இருக்குற கணக்கெல்லாம் வரிசையா முடக்கப்படும். அதுல உங்க சேலரி அக்கவுண்டும் ஒண்ணு. புகார் பதிவானது வடக்க எந்த மாநிலத்து ஸ்டேஷனோ, போடி பிரான்ச் மேனேஜரால கையை விரிக்கத்தான் முடியும். அஞ்சாம் தேதி பைக் இஎம்ஐ பவுன்ஸ், அப்புறம் சிபில் ஸ்கோர். இன்னும் சில அட்மின்கள் "அம்மா பேர்ல, தங்கச்சி பேர்ல ஒரு ஐடி போடு, போனஸ் டபுள்"னு சொல்வாங்க. வீட்டுல இருக்குறவங்க கணக்கையும் சேர்த்து முடக்க இதைவிட சுலபமான வழி இல்ல. கமிஷனுக்கு உங்க ஏடிஎம் கார்டையும் பாஸ்புக்கையும் கேட்டா, அந்த நிமிஷமே குரூப்பை விட்டு வெளிய வந்துடுங்க.

இதே கணக்கு, சட்டப்படி

ரெண்டு பக்கமும் கட்டி வித்தியாசத்தை எடுக்குற யோசனை பிடிச்சிருக்கா? அதையே தொழிலா பண்ற மியூச்சுவல் ஃபண்ட் வகை ஒண்ணு இருக்கு: ஆர்பிட்ரேஜ் ஃபண்ட். ஒரு ஷேர் இன்னைக்கு 500 ரூபாய், அதோட மாசக் கடைசி ஃப்யூச்சர்ஸ் 503 ரூபாய்னு வைங்க. ஃபண்ட் மேனேஜர் 500-க்கு வாங்கி, அதே நேரத்துல 503-க்கு ஃப்யூச்சர்ஸ்ல வித்துடுவார். முடிவு நாள்ல ரெண்டு விலையும் ஒண்ணாயிடும். ஷேர் 400 ஆனாலும் 600 ஆனாலும், செலவு போக அந்த 3 ரூபாய் வித்தியாசம்தான் வருமானம். பேக், லே மாதிரியேதான். ஆனா ரெண்டு பக்கமும் எக்ஸ்சேஞ்ச் நடுவுல நிக்குது, மேல செபி இருக்கு.

செபி விதிப்படி இதுல குறைஞ்சது 65% ஈக்விட்டியில இருக்கணும், அதனால வரியும் ஈக்விட்டி கணக்குல வரும். ஒரு வருஷத்துக்குள்ள எடுத்தா லாபத்துக்கு 20%. அதுக்கு மேல வச்சிருந்தா, வருஷத்துக்கு 1.25 லட்சத்தைத் தாண்டின ஈக்விட்டி லாபத்துக்கு 12.5%. பெரிய வருமானம் எதிர்பார்க்காதீங்க. லிக்விட் ஃபண்டுக்குப் பக்கத்துலதான் ஓடும், சில நாள் லேசா மைனஸ்லகூட காட்டும். வித்தியாசம் சுருங்கிப்போன மாசத்துல ரிட்டர்னும் சுருங்கும். பல ஃபண்டுகள்ல முதல் சில வாரத்துக்குள்ள எடுத்தா எக்ஸிட் லோட் இருக்கும், போடுறதுக்கு முன்னாடி அதைப் பார்த்துக்கோங்க. மூணு மாசச் செலவுக்கான அவசரப் பணத்தை முதல்ல சேவிங்ஸ்லயோ எஃப்டியிலயோ வச்சுட்டு, ஆறு மாசம் ஒரு வருஷம் தொட வேண்டியிருக்காத காசை மட்டும் இதுல போடுங்க. டைரக்ட் பிளானா, ரெகுலரா, எக்ஸ்பென்ஸ் ரேஷியோ எங்க பார்க்குறதுன்னு அடுத்த வீடியோவுல ஸ்க்ரீன்லயே காட்டுறேன்.