குர்லா கொடுத்ததும் எடுத்ததும்

சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் ரயில்கள் வந்து சேரும் லோக்மான்ய திலக் முனையம் மும்பைத் தமிழர்கள் பலருக்கு இன்னும் 'குர்லா டெர்மினஸ்'தான். உத்தரப் பிரதேசத்து ரயில்களும் வந்து நிற்பது இங்கேதான். பிழைப்புத் தேடி வருகிறவர்களுக்கு இந்த வட்டாரம் ஒரு வாசல். பழைய இரும்பு வியாபாரக் குடும்பத்திலிருந்து வந்து, இங்கே அரசியல் செய்து அமைச்சரானவர் நவாப் மாலிக். அவர் ஏறியதும் குர்லாவில்தான், சறுக்கியதும் குர்லாவில்தான்.

1959இல் உத்தரப் பிரதேசத்தில் பிறந்தவர், சிறு வயதிலேயே குடும்பத்துடன் மும்பை வந்தார். 25 வயதில், 1984 மக்களவைத் தேர்தலில் நின்று வாங்கியது 2,620 வாக்குகள். 1995இல் குர்லாவின் நேரு நகர் தொகுதியில் சமாஜ்வாதி வேட்பாளராக நின்று சிவசேனையின் சூரியகாந்த் மகாதிக்கிடம் தோற்றார். மதத்தின் பெயரால் வாக்குக் கேட்ட வழக்கில் மகாதிக் பதவியிழக்க, 1996 இடைத்தேர்தலில் மாலிக் சட்டசபைக்குள் நுழைந்தார். 1999இலும் வென்றார். பிறகு சரத் பவாரின் தேசியவாத காங்கிரசுக்கு மாறி 2004இலும் ஜெயித்தார். அமைச்சர் பதவி வந்தது. ஊழல் புகார் விசாரணையால் 2005இல் போனது. 2008இல் திரும்பி வந்தது.

2009 தேர்தலுக்கு முன் தொகுதி மறுசீரமைப்பில் நேரு நகர் தொகுதியே காணாமல் போனது. புதிய குர்லா தனித் தொகுதி. மாலிக் பக்கத்து அணுசக்தி நகருக்கு நகர்ந்து வென்றார். 2014இல் 1,007 வாக்குகளில் கோட்டைவிட்டதை 2019இல் மீட்டு, உத்தவ் தாக்கரே அமைச்சரவையில் சிறுபான்மையினர் நலத் துறையைப் பெற்றார்.

2021இல் போதைப்பொருள் தடுப்புப் பிரிவு அதிகாரி ஒருவர்மீது அவர் அடுக்கிய புகார்கள் நாடெங்கும் பேசப்பட்டன. எதிரிகள் அவரைக் காயலான் கடைக்காரர் என்று கேலி செய்தார்கள். மாலிக் அதைப் பெருமையாகவே ஏற்றுக்கொண்டார். அந்த நவம்பரில் பா.ஜ.க.வின் தேவேந்திர ஃபட்னவிஸ் ஒரு குர்லா நிலத்தைக் கிளறினார்: 1993 குண்டுவெடிப்புடன் தொடர்புடையவர்களிடமிருந்து அடிமாட்டு விலைக்கு வாங்கியது என்பது குற்றச்சாட்டு. மாலிக் மறுத்தார். 2022 பிப்ரவரி 23 அன்று அமலாக்கத் துறை அவரைக் கைது செய்தது. காவலில் இருந்தபடியே அவர் சிகிச்சை பெற்ற தனியார் மருத்துவமனையும் குர்லாவில்தான். 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் மருத்துவக் காரணங்களுக்காக ஜாமீன் தந்தது.

வெளியே வந்தபோது கட்சி இரண்டாகியிருந்தது. அவர் அஜித் பவார் பக்கம் உட்கார்ந்தார். கூட்டணியில் இருந்த ஃபட்னவிஸ் அதைக் கடிதம் எழுதியே எதிர்த்தார். 2024இல் மான்குர்த் சிவாஜி நகரில் போட்டியிட்ட மாலிக்குக்காகப் பிரச்சாரம் செய்ய பா.ஜ.க. மறுத்தது. அவருக்குக் கிடைத்தது நான்காம் இடம். அதே தேர்தலில், அணுசக்தி நகரில் அவர் மகள் சனா மாலிக் வென்றார்.

தந்தையின் தொகுதியை மகள் காப்பாற்றிவிட்டார். குர்லா நிலத்தின் கணக்கைத் தீர்க்க வேண்டியது மட்டும் வாக்காளர்கள் அல்ல, நீதிமன்றம்.